கிழக்குக் கொல்லைக் கன்றுகள்

மார்கழி 15

விடிந்ததும் கொல்லைக்குப் போனேன். முந்திரி மரங்கள் அத்தனையும் வேரைக் காட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தன. எந்த இடத்தில் எந்த மரம் நின்றது என்றுகூடத் தெரியவில்லை. நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் கொட்டை ஊன்றி வளர்த்தவை. ஒரு புயல் போதுமாயிருந்தது.

வரப்புப் பலாவும் சாய்ந்துவிட்டது. வேர் பாதி எங்கள் பக்கம், பாதி அவர்கள் பக்கம். வக்கீலிடம் சொல்ல வேண்டும்.

கிழக்குக் கொல்லைக்காரி அந்தப் பக்கம் நின்றிருந்தாள். நான் இந்தப் பக்கம் நின்றேன். பேசவில்லை. நாங்கள் பேசுவதில்லை.

மார்கழி 16

கரண்ட் இல்லை. போன் இல்லை. விழுந்த தேங்காய்களைப் பொறுக்கினேன்.

மார்கழி 19

இன்னும் கரண்ட் வரவில்லை. பொழுது போகாததால் வழக்கைப் பற்றி எழுதி வைக்கிறேன். இந்த டைரியே வழக்கால் வந்ததுதான். வக்கீல் வருஷா வருஷம் கட்சிக்காரர்களுக்குக் கொடுப்பார். என் வீட்டுக்காரர் தணிகாசலம் இருந்தவரை வாய்தா தேதிகளை மட்டும் எழுதுவார். அவர் போன பிறகு நான் எழுதுகிறேன்.

கிழக்குக் கொல்லைக்காரி என் ஓரகத்தி. என் கொழுந்தனார் கலியபெருமாளின் மனைவி. பாகம் பிரித்தபோது எங்களுக்கு மேற்குக் கொல்லை, அவர்களுக்குக் கிழக்கு. பலா மரம் சரியாக வரப்பில் நின்றது. அண்ணனும் தம்பியும் எனக்கு உனக்கு என்றார்கள். கொழுந்தனார் நோட்டீஸ் விட்டார், என் வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை யாரும் பழம் பறிக்கக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை ஆனி மாசம் வந்து போயிருக்கும். பழம் பழுத்து, வெடித்து, கீழே விழுந்து அழுகும். ஊரெல்லாம் வாசனை வரும். இரண்டு வீட்டிலும் யாரும் தொட மாட்டோம்.

இப்போது அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. வழக்கு இருக்கிறது.

மார்கழி 24

தோட்டக்கலைத் துறையிலிருந்து ஆரோக்கியதாஸ் என்று ஒருவர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. புயலுக்குப் பிறகு வீட்டுக்கே போகவில்லையாம். மோர் கொடுத்தேன்.

அரசாங்கம் மானியம் கொடுக்கிறதாம். வேரோடு கிடக்கும் மரங்களை பொக்லைன் வைத்து அகற்றித் தருவார்கள். ஒட்டு முந்திரிக் கன்று தருவார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டு, சொட்டு நீர்க் குழாயும் போட்டுத் தருவார்கள். முந்திரிக்குத் தண்ணீர் விடுவதா என்று கேட்டேன். இந்த ஒட்டுக் கன்றுக்கு முதல் கோடையில் தண்ணீர் வேண்டும், பிறகு நான்காம் வருஷம் காய்க்கும் என்றார்.

"ஆனா போர் போடணும்னா உங்க ஒருத்தர் நெலம் பத்தாதும்மா. பக்கத்துக் கொல்லையும் சேந்து குழுவா மனு கொடுக்கணும். பக்கத்துல யாரு?"

நான் கிழக்கே கையைக் காட்டினேன்.

"கொளஞ்சியம்மாவா? அவங்களும் இதத்தான் கேட்டாங்க. அப்ப நல்லதாப் போச்சு."

"நல்லதா ஒண்ணும் போவல" என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"வழக்கு நடக்குற நெலத்துக்கு மானியம் கெடைக்காதும்மா. வழக்கு முடியணும். இல்ல வாபஸ் வாங்கணும்."

"அப்படின்னா எனக்கு வேணாம். என் மவன் வந்து எல்லாத்தையும் பாத்துக்குவான்" என்றேன்.

தை 2

பொங்கலுக்குக் கார்வண்ணன் வரவில்லை. அம்பத்தூர் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லையாம். போனில் பேசினான். "மரம்தான் போயிடுச்சே, கொல்லைய வித்துட்டு இங்க வந்துடும்மா" என்றான். அங்கே எனக்கு எந்த அறை என்று கேட்டேன். "ஹால்ல படுத்துக்கலாம்மா" என்றான். வேலை அதிகம் அவனுக்கு. குரலிலேயே தெரிந்தது.

கிழக்கு வீட்டில் ஓடு பறந்த இடத்தில் தார்ப்பாய் போட்டிருக்கிறாள். ஒரு முனையைச் சரியாகக் கட்டவில்லை. பனி இறங்கும். எனக்கென்ன.

தை 5

காலையில் அவள் இருமுவது இங்கே கேட்டது. பனிதான் காரணம். அந்த முனையைக் கட்டியிருக்க வேண்டும்.

தை 11

அவள் வாசலுக்கு வந்தாள். படி ஏறவில்லை. வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா."

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. நான் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"தோட்டக்கலை சார் எங்கிட்டயும் சொன்னாரு. நீங்கதான் வழக்குப் போட்டவங்க. நீங்க மனசு வெச்சா முடிஞ்சிடும்."

"நோட்டீஸ் விட்டது யாரு? உங்க வூட்டுக்காரருதான மொதல்ல விட்டாரு?"

"அவருதான் விட்டாரு. நா இல்லன்னு சொல்லல."

"எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பகூட அடுத்த வாய்தா எப்பன்னுதான் கேட்டாரு. அத நான் வாபஸ் வாங்கவா?"

அவள் படலிலிருந்து கையை எடுத்தாள். "சரிக்கா" என்று போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாசி 6

ஊரெல்லாம் பொக்லைன் ஓடுகிறது. ஒவ்வொரு கொல்லையாகச் சுத்தமாகிக்கொண்டு வருகிறது. ஏரிக்கரை மேலிருந்து பார்த்தால் சிவப்பாக உழுத மண். நடுவில் எங்கள் இரண்டு கொல்லையும் மட்டும் காய்ந்த மரங்களோடு கிடக்கிறது. ஆடு மேய்ப்பவர்கள்கூட பாம்புக்குப் பயந்து சுற்றிப் போகிறார்கள்.

மாசி 18

இன்று வாய்தா. முழங்கால் வலி. ஆனாலும் போனேன். பண்ருட்டி பஸ்ஸில் ஏறினால் இருக்கிற ஒரே இடம் அவள் பக்கத்தில். நின்றுகொண்டே போகலாம் என்று பார்த்தேன், முழங்கால் விடவில்லை. உட்கார்ந்தேன்.

கோர்ட்டில் நீதிபதி விடுப்பு. ஆடி மாசத்துக்குத் தள்ளி வைத்தார்கள். வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தூக்குச் சட்டியைத் திறந்தாள். புளிச்சோறு. இரண்டு தட்டு எடுத்தாள்.

"ரெண்டு தட்டு எதுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க சாப்புடாம வருவீங்கன்னு தெரியும். மாமா இருந்தப்பவே வாய்தா அன்னிக்கு நீங்க அடுப்பு பத்த வெக்க மாட்டீங்க."

கொட்டினால் வீண் என்று சாப்பிட்டேன். உப்புக் குறைவு.

சாப்பிடும்போது அவள் கேட்டாள், "மரமே வுழுந்துடுச்சு. இனிமே ஜட்ஜு யாருக்குன்னு சொன்னாலும் நாம எதக்கா எடுத்துக்கப் போறோம்?"

"வெறகு இருக்குல்ல" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மாசி 19

இன்று கொல்லைக்குப் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். வழக்கை விட்டிருக்க மாட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இப்படி ஒரு பச்சை இலை இல்லாமல் கொல்லையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்ல வரப்போவதில்லை.

கொல்லையில் வேலை செய்யப் போவது நான். நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

பங்குனி 4

வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட்டாயிற்று. வாரிசு என்பதால் கார்வண்ணனும் போட வேண்டியிருந்தது. காலையில் வந்தான், கையெழுத்துப் போட்டான், மதியப் பஸ்ஸில் போய்விட்டான். அவனுக்காக வாங்கின மீன் அப்படியே இருந்தது. நானே எவ்வளவு சாப்பிடுவது. கிழக்கு வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன்.

வக்கீலுக்கு வருத்தம். நல்ல வழக்கு என்றார்.

பங்குனி 20

பலா மரத்தை மிருதங்கம் செய்கிறவர் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். பாதிப் பாதி. லாரி போன பிறகு வரப்பில் பெரிய குழி. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து மண்ணைத் தள்ளி மூடினோம்.

வைகாசி 9

பொக்லைன் வந்தது. மதியத்துக்குள் இரண்டு கொல்லையும் வெறும் தரையாகிவிட்டது. டிரைவருக்குச் சோறு அவள் போட்டாள், காப்பி நான் போட்டேன்.

ஆடி 7

போர் போட இடம் பார்த்தார்கள். கிழக்குக் கொல்லையில்தான் நீரோட்டம் இருக்கிறதாம். எனக்குச் சுருக்கென்றது. பலா போனதும் இனிமேல் தண்ணீர்ச் சண்டையா. நாளைக்கு அவள் வாரிசுகள் மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது. ஆரோக்கியதாஸ் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எங்க வூட்டுக்காரரு மாதிரிதான் நானும்னு நெனைச்சுட்டீங்களாக்கா?"

"எழுதி வெச்சா நல்லதுன்னு சொன்னேன்."

"எழுதிக்கங்க. எங்க வேணாலும் கையெழுத்து போடுறேன்."

ஆரோக்கியதாஸ் இரண்டு பேரையும் பார்த்தார். "குழுக் கிணறும்மா இது. ரெண்டு பேருக்கும் சம உரிமைன்னு மனுவுலயே இருக்கு" என்றார்.

ஆடி 8

அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆடி 9

இன்றும் இல்லை. அரைக்கீரை கடைந்தேன். அதிகமாகிவிட்டது. மாட்டுக்கு வைத்தேன்.

ஆடி 12

போர் லாரி வந்தது. நாள் முழுக்கக் காதைக் கிழிக்கும் சத்தம். வெறும் புழுதியாக வந்துகொண்டே இருந்தது. லாரிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். நான் மேற்கு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அவள் கிழக்கே. பொழுது சாயும் நேரத்தில் புழுதி ஈரமாயிற்று, சேறாயிற்று, பிறகு தண்ணீர் பீறிட்டு அடித்தது. எல்லோரும் நனைந்தோம். எப்போது எழுந்து போனேன் என்று தெரியவில்லை, பார்த்தால் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வழுக்கி விழாமல் இருக்கத்தான்.

"அக்கா, சாவி ரெண்டு போடச் சொல்லியிருக்கேன். ஒண்ணு உங்களுக்கு" என்றாள் கொளஞ்சி.

ஐப்பசி 3

கன்றுகள் வந்தன. ஒரு சாண் உயரம்தான். தண்டில் ஒட்டுப் போட்ட இடத்தில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருக்கிறது. ஆரோக்கியதாஸ் நட்டுக் காட்டினார். ஒட்டு மண்ணுக்குள் போகக் கூடாது. இரண்டாம் வருஷப் பராமரிப்பு மானியம் வேண்டுமென்றால் கோடை தாண்டியும் நான்கில் மூன்று பங்கு கன்றுகள் உயிரோடு இருக்க வேண்டும் என்றார். குறைந்தால் அத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

சொட்டு நீர்க் குழாய் வரத் தாமதமாகும். அதுவரை ரப்பர்க் குழாயை இழுத்துத்தான் விட வேண்டும்.

நானும் கொளஞ்சியும் நட்டோம். அவள் குழியில் வைப்பாள், நான் மண்ணை மிதிப்பேன். முதலில் அவள் கொல்லை, பிறகு என் கொல்லை. நடுநடுவே அவள் பெண் மணிமொழி திருப்பூரிலிருந்து போன் செய்தாள். உண்டாகியிருக்கிறாளாம்.

தை 1

புது வருஷ டைரிக்கு வக்கீல் ஆபீஸ் போக வழியில்லை. உரக்கடையில் கேட்டு வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் பூச்சி மருந்து விளம்பரம். எழுத இடம் இருக்கிறது, அது போதும்.

மாசி 10

கொளஞ்சி திருப்பூர் போகிறாள். மணிமொழிக்கு இரத்தக் கொதிப்பு, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

"கோடை வருதேக்கா. கன்னுங்கள வுட்டுட்டு எப்படிப் போறது?"

"பொண்ணு முக்கியமா, கன்னு முக்கியமா?"

"உங்க முட்டி வேற இப்படி இருக்கு."

"முட்டியா தண்ணி விடுது? மோட்டாருதான விடுது. கெளம்பு."

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஊர் சத்தமில்லாமல் இருக்கிறது. வெயில் காரணமாக இருக்கும்.

பங்குனி 2

த்ரீ ஃபேஸ் கரண்ட் காலையில் கொஞ்ச நேரம்தான் வருகிறது. மோட்டார் கிழக்கே இருப்பதால் கிழக்கிலிருந்து ஆரம்பித்தேன். கிழக்கு முடிந்தது. மேற்கே பாதியில் கரண்ட் போய்விட்டது.

பங்குனி 9

கிழக்கு முடிந்தது. மேற்கே இரண்டு வரிசை.

பங்குனி 15

கொளஞ்சி வீட்டில் பூனை புகுந்துவிட்டது போலச் சத்தம் கேட்டது. அவள் கொடுத்துவிட்டுப் போன சாவியால் திறந்தேன். பூனை இல்லை. திறந்ததே திறந்தோம் என்று பெருக்கி, மெழுகிவிட்டு வந்தேன்.

பங்குனி 23

கிழக்கு முடிந்தது. முழங்கால் வீங்கிவிட்டது. மேற்கே நாளை.

சித்திரை 4

கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள், கொளஞ்சி இனிமேல் வரமாட்டாளாம். பெண்ணோடு திருப்பூரிலேயே இருந்துவிடுவாளாம், கொல்லையை விற்கப் போகிறாளாம். விற்கட்டும். அவள் கொல்லை.

இருக்கிற வரை தண்ணீர் விட வேண்டியதுதானே. கிழக்கு முடிந்தது.

சித்திரை 11

மேற்கே சில கன்றுகள் இலை சுருண்டுவிட்டன. குடத்தில் எடுத்துப் போய் ஊற்றினேன். நான்கு நடைக்கு மேல் முடியவில்லை.

கார்வண்ணன் போன் செய்தான். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னான். யார் இருக்கிறார்கள், எல்லோரும் அவரவர் கன்றுக்குத் தண்ணீர் விடுகிறார்கள்.

சித்திரை 19

மணிமொழிக்குப் பெண் குழந்தை. கொளஞ்சி போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள். எடை குறைவாக இருப்பதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். தாய்க்கு ஆபத்தில்லை.

"கன்னுங்க எப்படிக்கா இருக்கு?"

"இருக்கு."

"எல்லாமேவா?"

"உன்னுது எல்லாம் இருக்கு. நீ கொழந்தையப் பாரு."

"உங்களுது?"

"டவர் சரியா இல்ல, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.

சித்திரை 28

கிழக்கு முடிந்தது.

வைகாசி 6

மழை. முன்னமே வந்திருக்கலாம்.

வைகாசி 14

கொளஞ்சி வந்துவிட்டாள். சொல்லாமல் வந்து வாசலில் நின்றாள். இளைத்துவிட்டாள். குழந்தை தேறிவிட்டதாம், மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்துக்கொள்கிறாராம். ஊரில் விற்பதாகச் சொன்னார்களே என்று கேட்டேன்.

"நம்ம கன்ன நட்டுட்டு யாருக்குக்கா விப்பேன்?"

நாளை அதிகாரிகள் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று சொன்னேன். கொல்லையைப் பார்க்கலாம் என்றாள். இருட்டப் போகிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

வைகாசி 15

ஆரோக்கியதாஸும் இன்னொரு மேலதிகாரியும் வந்தார்கள். கிழக்கிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். வரிசை வரிசையாகப் பச்சை. ஒன்றுகூடப் போகவில்லை. மேலதிகாரி போட்டோ எடுத்தார்.

பிறகு மேற்கே வந்தார்கள். பாதி குச்சியாக நின்றன. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான்கில் மூன்று பங்கு. அது மட்டும்தான் மனசில் ஓடியது.

ஆரோக்கியதாஸ் கணக்குப் போட்டார். அடித்தார். திரும்பப் போட்டார்.

"தனித்தனியாப் பாத்தா உங்களுது தேறாதும்மா. ஆனா மனு குழு மனு. ரெண்டு கொல்லையும் சேத்துதான் பாக்கணும். சேத்தா சரியா நாலுல மூணு பங்கு வருது. தேறிடுச்சு" என்றார். செத்த கன்றுக்குப் பதில் கன்று ஐப்பசியில் தருவார்கள்.

மேலதிகாரி என்னிடம் கேட்டார், "ஒரே மோட்டாரு, ஒரே குழாய். அந்தப் பக்கம் இப்படி இருக்கு, இந்தப் பக்கம் ஏம்மா இப்படி ஆச்சு? அங்க யாரு தண்ணி வுட்டா?"

"நாந்தான்."

"இங்க?"

"இங்கயும் நாந்தான். அந்தப் பக்கம் மண்ணு நல்ல மண்ணு."

ஆரோக்கியதாஸ் குனிந்து இரண்டு பக்கத்து மண்ணையும் பார்த்தார். இரண்டும் ஒரே செம்மண். "ஆமா சார், மண் வாகு" என்று மேலதிகாரியிடம் சொன்னார்.

கொளஞ்சி காய்ந்த கன்று ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. அவர்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். "வெயில் ஏறுதுக்கா, வூட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

வைகாசி 16

விடியும்போதே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன்.

கொளஞ்சி குழாயைக் கிழக்குக் கொல்லை முழுக்கத் தாண்டி, வரப்பையும் தாண்டி இழுத்துக்கொண்டு வந்து, மேற்கே கடைசி வரிசையில் நின்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பச்சையாக இருந்தவற்றுக்கும் விட்டாள், குச்சியாக நின்றவற்றுக்கும் விட்டாள். சேலையெல்லாம் சேறு.

மோட்டார் கிழக்கே இருக்கும்போது மேற்கிலிருந்து ஆரம்பித்தால் குழாயை இழுப்பதற்கே பாதி கரண்ட் போய்விடும். கிழக்கே முடிக்க முடியாது. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. சொல்ல வேண்டும்.

இன்று வேண்டாம்.